பழைய பெட்டியில் என்ன மிச்சம்?

பழைய கார் வாங்கப் போகிறவர் மெக்கானிக்கை அழைத்துப் போகிறார். பழைய வீடு வாங்குகிறவர் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார். பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் மட்டும் பெரும்பாலும் தன்னுடைய இளமைக் காலத்தைத் துணைக்கு அழைத்துப் போகிறார். பேரம் பேச அதைவிட மோசமான துணை கிடையாது.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் சோர் பஜார், கொல்கத்தாவின் சாந்தினி சௌக் எங்கும் 1970, 80களின் மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு மறுபடி கிராக்கி. எல்பி ரிக்கார்டு மீண்டும் நாகரிகமானது ஒரு காரணம். இன்னொரு காரணம், நிறைவேறாத பழைய ஆசை. இறக்குமதி வரி எட்டாத உயரத்தில் இருந்த அந்த வருடங்களில் வெளிநாட்டு ஸ்பீக்கர் என்பது வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீட்டில் மட்டும் பார்க்கக்கூடிய வஸ்து. மற்றவர்களுக்கு 1970இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைனோ, காஸ்மிக்கோதான் கனவு. அதற்கே பல மாதச் சம்பளம் சேர்க்க வேண்டியிருந்தது. அன்று வாங்க முடியாதவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். கையில் பணமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியில் 40 ஆண்டுகளாக வசிக்கும் அந்தத் தமிழரும் இந்த ரகம்தான். தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1983இல் 23 வயது கிளார்க்காக வந்து இறங்கியபோது, பவானிபூரில் ஒரு வங்காளி என்ஜினீயரின் வீடு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் புகலிடம். என்ஜினீயர் 1979இல் ஜெர்மனியிலிருந்து திரும்பியபோது ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். நிகில் பானர்ஜியின் சிதாரை அதில் கேட்ட பிறகு, அறைக்குத் திரும்பித் தன் டிரான்சிஸ்டரைத் தொட மனசு வராது அந்த இளைஞருக்கு.

2023 டிசம்பரில் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. என்ஜினீயர் காலமாகி இரண்டு வருடமாகிவிட்டது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட புரமோட்டரிடம் கொடுத்தாயிற்று. மனைவி சால்ட் லேக்கில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறார். அண்ணன் மனைவியை வங்காளத்தில் 'பௌதி' என்பார்கள். அவரும் அந்த அம்மாளை அப்படித்தான் கூப்பிடுவார். "ஸ்பீக்கர் உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார் பௌதி. விலை சொன்னவர் அவருடைய மருமகப் பிள்ளை: 45,000 ரூபாய். அதே மாடல் ஐரோப்பாவில் என்ன விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, ரூபாயாக மாற்றிச் சொன்ன தொகை.

வீட்டில் கருத்து வேற்றுமை. "என்னங்க, நமக்கே வயசாயிடுச்சு, அதுக்கும் வயசாயிடுச்சு. யார் யாரைப் பார்த்துக்கறது?" என்றார் மனைவி. பெங்களூரிலிருந்து மகன், "அப்பா, அந்தக் காசுக்குப் புதுசா, வாரண்டியோட நல்ல ஜோடியே கிடைக்கும்" என்றான். இரண்டுமே நியாயமான வாதம்.

ஆனால் எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. ஸ்பீக்கர் என்பது செல்போன் மாதிரி ஐந்து வருடத்தில் காலாவதியாகும் சாமான் அல்ல. காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு என்ற இன்றைய ஸ்பீக்கரின் வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்டார்கள். அடிப்படை இன்றும் அதுதான். பெட்டியின் அளவுக்கும் பாஸ் ஒலிக்கும் உள்ள கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960, 70களில் வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். எனவே 1979இன் நல்ல ஸ்பீக்கர், நல்ல நிலையில் இருந்தால், இன்றும் நல்ல ஸ்பீக்கர்தான். பிபிசி தன் ஒலிபரப்பு வேனுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டிக்கு இன்றும் உலகெங்கும் ரசிகர்கள் போட்டி போடுகிறார்கள்.

'நல்ல நிலையில் இருந்தால்' என்பதில்தான் சிக்கல். ஸ்பீக்கரில் சாகாத பாகமும் உண்டு, செத்தே தீரும் பாகமும் உண்டு. காந்தம், இரும்புச் சட்டம் இரண்டும் மனிதரைவிட அதிக நாள் இருக்கும். கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு வளையம் அப்படியல்ல. ரப்பரோ துணியோ ஆனால் பல பத்தாண்டுகள் தாங்கும். 1970, 80களில் பல கம்பெனிகள் பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்தின. ஃபோம் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்த வளையம் காற்றின் ஈரத்திலேயே சிதையும். பதினைந்து, இருபது வருடம்தான் ஆயுசு. வாசித்தாலும் சரி, பூட்டி வைத்தாலும் சரி. 'அதிகம் உபயோகிக்காதது' என்ற விளம்பர வாசகத்துக்கு இங்கே அர்த்தமே இல்லை. கொல்கத்தா, மும்பை, சென்னை போன்ற புழுக்க ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் கிராஸ் ஓவர். கனத்த ஒலியை வூஃபருக்கும் மெல்லிய உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று. அதிலுள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் முப்பது வருடத்தில் உலர்ந்து தம் மதிப்பிலிருந்து விலகியிருக்கும். மூன்றாவது, பெட்டி. மேலே தேக்கின் மெல்லிய உரி இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் மரத்தூள் பலகை. ஒரு மழைக்காலம் தரையில் தண்ணீர் நின்றால் போதும், அடிப்பாகம் ரொட்டி மாதிரி உப்பிவிடும்.

பேரத்துக்குப் போன அன்று அவர் ஒரு பையில் டார்ச், மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ஒயர் எடுத்துக்கொண்டார். கீழ் வீட்டில் குடியிருக்கும் கல்லூரி மாணவியையும் கூட அழைத்துப் போனார். காரணம் இருந்தது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது இளமைக்கான கணக்கு. அறுபதைத் தாண்டிய பலருக்குப் பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் நிசப்தம்தான். ட்வீட்டரின் கோளாறு அவர் காதுக்குத் தப்பலாம், அவள் காதுக்குத் தப்பாது.

முன்பக்கத் துணியைக் கழற்றி டார்ச் அடித்ததும் முதல் பதில் கிடைத்தது. வூஃபர் இரண்டிலும் ஃபோம் வளையம் கருகிய அப்பளம் போல. விரல் பட்டதும் உதிர்ந்தது. கூம்பை இரண்டு விரலால் மெதுவாக, நேராக உள்ளே அழுத்தினார். சுருள் எங்கும் உரசவில்லை, கரகரப்பு இல்லை. நல்ல செய்தி. வளையம் போனால் புது வளையம் ஒட்டலாம். சுருள் வெந்திருந்தால் செலவு வேறு. மல்டிமீட்டர் 3.3 ஓம் காட்டியது. ஜெர்மன் ஸ்பீக்கர்கள் பலவும் 4 ஓம் ரகம் என்பதால் அது சரியான எண். 8 ஓம் ஸ்பீக்கரானால் ஆறை ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது என்று பொருள். பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தபோது இரண்டு வூஃபரும் ஒரே பக்கமாக அசைந்தன. ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போயிருந்தால் யாரோ உள்ளே கை வைத்து ஒயரை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி இணைத்தால் பாஸ் காணாமல் போகும்.

பிறகு, மிகக் குறைந்த சத்தத்தில், ஒரு மோனோ ரிக்கார்டு. மோனோ ஒலி இரு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து வர வேண்டும். அவருக்கு வந்தது. மாணவி தலையாட்டினாள்: "காக்கு, வலது பக்கம் மந்தமா இருக்கு." மீட்டர் வைத்துப் பார்த்ததில் வலது ட்வீட்டர் செத்திருந்தது. இடது மட்டும் பாடிக்கொண்டிருந்ததை 63 வயதுக் காது கவனிக்கவே இல்லை.

அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் பௌதியின் எதிரிலேயே கணக்கு எழுதினார். எல்லாம் சரியாக வேலை செய்யும் இப்படிப்பட்ட ஜோடிக்கு உள்ளூரில் அவர் கொடுக்கத் தயாரான தொகை 25,000. ஃபோம் வளையமும் கூலியும் 5,000. கெபாசிட்டர் 2,000. அதே ரக ட்வீட்டர் தேடிப் பிடிக்க 4,000. மிச்சம் 14,000. இதில் எதையும் அவர் மறைக்கவில்லை. கூடுதலாகவும் பயமுறுத்தவில்லை. மருமகப் பிள்ளை சிரித்தார். ஐரோப்பிய விலையைச் செல்போனில் காட்டினார். அந்த விலை ஃபோம் மாற்றிய, ட்வீட்டர் பாடுகிற ஜோடிக்கு என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பேரம் முறிந்தது.

மூன்று வாரம் கழித்துப் பௌதியே போன் செய்தார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தாராம். உதிர்ந்த வூஃபரில் விரலை விட்டுக் காட்டி, "இது குப்பை, மரத்துக்கு 3,000 தருகிறேன்" என்றாராம். புரமோட்டர் கொடுத்த கெடு நெருங்குகிறது. "நீ எவ்வளவு தந்தாலும் எடுத்துக்கொள்" என்றார் பௌதி.

இங்கேதான் ஸ்பீக்கர் விவகாரம் வேறு விவகாரமாக மாறியது. நாலாயிரம் சொன்னால் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். வங்கியில் கடனுக்கு அடகு வந்த நகைகளை மதிப்பிட்டுப் பழகிய மனிதர். அவசரத்தில் இருப்பவரிடம் பொருளின் மதிப்பு குறைவதில்லை, கேட்கும் விலை மட்டுமே குறைகிறது என்பது அவருடைய அனுபவம். மறுநாள் அதே 14,000 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, டாக்சியில் பெட்டிகளை ஏற்றி வந்தார். "நாலாயிரத்துல முடிஞ்சிருக்குமே" என்றார் மனைவி. "மூணு வாரத்துல அதுல எதுவும் புதுசா ரிப்பேர் ஆகலையே" என்பது அவர் பதில்.

ரிப்பேர், சாந்தினி சௌக்கில் ஒரு சந்துக்குள். பழைய பசையைச் சுரண்டி, சுருளை நடுவில் நிறுத்தி, வளையத்தை ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு அரை மணி நேரம் சோதித்துக் கொடுத்தார் மெக்கானிக். ட்வீட்டர்தான் படுத்தியது. அசல் கிடைக்க இரண்டு மாதம் ஆனது, விலையும் கணக்கைத் தாண்டியது. பெட்டியின் பின்னால் நுழையும் பழைய ஜெர்மன் பிளக்குக்கு, ஒரு முனை தட்டை, ஒரு முனை உருண்டை, ஒயர் தேடியது தனிக் கதை. மொத்த ரிப்பேர் 13,000. ஆக, ஜோடியின் அடக்க விலை 27,000.

மகன் சொன்னது சரிதான். அந்தத் தொகைக்கு வாரண்டியோடு புது ஜோடி வாங்கியிருக்கலாம். லாபம் என்று ஒரு ரூபாய் கிடையாது. பழைய ஸ்பீக்கர் வாங்கத் தகுமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில் தருகிறது. கேட்கும் விலையோடு ரிப்பேரையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அது, அதே அளவு நன்றாகப் பாடும் புது ஜோடியின் விலைக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். சுருள் வெந்து, ட்வீட்டருக்கு மாற்று கிடைக்காமல், பெட்டியும் உப்பியிருந்தால், எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அது விறகுதான். இரண்டும் இல்லாமல் கணக்கு கொஞ்சம் மேலே போனால், அந்த அதிகத் தொகை நினைவுக்குக் கொடுக்கும் விலை. நினைவுக்கு விலை கொடுப்பது தப்பில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அவருக்கு அது தெரிந்திருந்தது: கணக்குக்கு மேல் 2,000 ரூபாய். மற்றதெல்லாம் ஸ்பீக்கரின் விலை.

1983இன் சத்தம் அப்படியே திரும்பி வந்ததா என்றால், இல்லை. பாஸ் அதே கனம். தந்தியின் உச்ச முனை மட்டும் அன்று போல மின்னவில்லை. மாணவியிடம் கேட்டார். "ரெண்டு பக்கமும் சரியா இருக்கு காக்கு" என்றாள் அவள். அப்படியானால் ரிப்பேர் ஆக வேண்டியது ஸ்பீக்கர் அல்ல. அதற்குச் சாந்தினி சௌக்கில் ஆள் கிடையாது.

மார்ச் மாதம் பௌதி சால்ட் லேக்கிலிருந்து மகளோடு வந்தார். நிகில் பானர்ஜியை வைத்தார்கள். பத்து நிமிடம் பேசாமல் கேட்ட பௌதி கடைசியில் வாய் திறந்தார். "அவர் இதைவிடச் சத்தமாக வைப்பார். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்றார். பிறகு, "கொஞ்சம் கூட்டு" என்றார்.