பாட்டியின் பின் சீட்டுக்காக ஒரு புதுப்பேட்டை பயணம்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் காலை மின்சார ரயில். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மஞ்சப்பை உட்கார்ந்திருந்தது. உள்ளே, பழைய சீட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முழம் ரெக்சின், துருப்பிடித்த ஸ்பிரிங் ஒன்று, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, அப்புறம் அப்பா கையால் எழுதிய ஒரு லிஸ்ட். பக்கத்தில் இருந்த அம்மா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக் கடைக்காப்பா?" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

எங்கள் வீட்டு வண்டி 1988-ம் வருட அம்பாசிடர். மார்க் 4. தாத்தா வாங்கியது. முன்பக்கம் ஒரே நீள சீட், ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர். தாத்தா போன பிறகு ஆறு வருடம் கொட்டகையில் தார்பாய்க்குள் நின்றது. போன வருடம் பழைய வண்டி வாங்கும் ஒருவர் வந்து, கதவைத் திறந்து, தரையைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, எடைக்கு விலை சொன்னார். அப்பாவும் தலையாட்டப் போனார். திண்ணையில் இருந்த பாட்டிதான் தடுத்தார்.

"அதுல ஏறி இறங்குனா மட்டும்தாண்டா எனக்கு முட்டி வலிக்காது."

பாட்டிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. தாழ்வான இடத்தில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி போவதற்குக் கால் டாக்ஸி பிடித்தால், வருவது பெரும்பாலும் சின்ன கார். "கிணத்துல இறங்குற மாதிரி இருக்கு" என்பார். இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்காது. போன தீபாவளிக்குப் பிறகு, "ஆஸ்பத்திரியே வேணாம், மாத்திரைய வாங்கிட்டு வந்துடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அம்பாசிடரின் பின் சீட்டோ நாற்காலி உயரம். கதவு அகலம். காலை வெளியே வைத்துத் திரும்பி, தானாகவே எழுந்துவிடலாம்.

இன்ஜினையும் பிரேக்கையும் மெக்கானிக் அண்ணன் பார்த்துக் கொடுத்துவிட்டார். உள்ளேதான் கண்றாவி. சீட் கிழிந்து ஸ்பிரிங் குத்தியது. கதவின் உட்பக்க அட்டை ஊறி உப்பியிருந்தது. எலி ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. வெளியில் கொடுத்தால் ஆகும் செலவைக் கேட்டதும் அப்பா, "நாமளே செஞ்சிடலாம்" என்றார். அவருக்குத் தெரிந்த தச்சு வேலையும், எனக்குத் தெரிந்த யூடியூபும்தான் மூலதனம்.

ரயில் பெருங்களத்தூரை நெருங்கும்போது அப்பா ஜன்னலுக்கு வெளியே காட்டினார். இப்போது உயரமான ஐ.டி. கட்டடங்கள் நிற்கிற இந்தப் பக்கம்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கே தயாரான கார். அம்பாசிடர் நம்மூர் ஆள் இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாக வைத்து, 1950-களின் கடைசியில் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி, 2014-ல் நிறுத்தினார்கள். ஆனாலும் கல்யாண ஊர்வலம் முதல் கலெக்டர் ஆபீஸ் வரை நம்மூரில் அதைப் பார்க்காத கண் இல்லை.

எழும்பூரில் இறங்கி நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே புதுப்பேட்டை. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் தனுஷ் படம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது வேறு. தெரு திரும்பியதுமே இன்ஜின் ஆயில் வாசனை வரும். கதவுகளைச் சுவரில் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். ஆணிகளில் ஸ்டியரிங் வீல்கள் வளையல் கடை மாதிரி தொங்கும். ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும், இன்னொன்றில் கண்ணாடி மட்டும், மூன்றாவதில் என்னவென்றே சொல்ல முடியாத இரும்புக் குவியல். அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, கேட்ட பொருளைப் பார்க்காமலே எடுக்கிறார் கடைக்காரர்.

அப்பா கைப்பிடியை நீட்டினார். அதை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற குட்டிப் பின் எங்கள் வண்டியில் பாதிக்கு மேல் காணோம்.

"எத்தனை வேணும் பெரியவரே?"

"நாலு."

"எட்டா வாங்கிக்கங்க. மாட்டும்போது ஒண்ணு கை நழுவி கதவுக்குள்ள விழும். அப்புறம் அதுக்குன்னு இவ்ளோ தூரம் வரணும்."

"நாலு போதும்பா." அப்பா பஸ்ஸில்கூட சில்லறையை இரண்டு முறை எண்ணுகிறவர்.

கதவு ரப்பர் பீடிங்கும், முன் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பரும் அங்கேயே கிடைத்தன. பழைய பாகம் எது வாங்கினாலும் பில் கேட்டு வாங்குவது நல்லது. நாங்கள் கேட்டோம், எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து கூவத்தின் மேலுள்ள பாலத்தைத் தாண்டி, அண்ணா சாலையைக் கடந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜி.பி. ரோடுதான். புதுப்பேட்டை கார்களைப் பிரிக்கிற ஊர் என்றால் இது கார்களுக்கு அலங்காரம் செய்கிற ஊர். நடைபாதையில் கால் வைத்ததுமே பையன்கள் ஓடி வருகிறார்கள். "சீட் கவரா சார், சிஸ்டமா, கேமராவா?" அப்பா "அம்பாசிடர்" என்றதும் மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். புது மாடல்களுக்கு அளவெடுத்துத் தைத்த கவர் பாக்கெட்டில் தயாராக இருக்கிறது. எங்கள் வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை.

மூன்றாவது பையன் மட்டும் நின்று, "பாய்கிட்ட போங்க" என்று ஒரு சந்தைக் காட்டினான். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு பெரியவர். எங்கள் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி விட்டார். ரெக்சினைத் திருப்பிப் பின்பக்கத் துணியைப் பார்த்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு. தையல்தான் போச்சு. வெயில் மொத்தல்ல நூலைத்தான் திங்கும்."

அடுத்த அரைமணி நேரம் அவர் சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டேன். பழைய கவரைத் தூக்கிப் போடாதே, தையலைப் பிரித்து விரித்தால் அதுதான் பேட்டர்ன். பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் எண் போடு, எது முன்பக்கம் என்று அம்புக்குறி போடு. நைலான் நூல் வாங்கு. ஸ்பிரிங்குக்கு மேல் இருக்கிற தேங்காய் நார் மெத்தை உதிராமல் இருந்தால் அதையே வை, அதற்கு மேல் ஒரு இன்ச் ஃபோம் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால், தண்ணி எங்கே ஒழுகுகிறது என்று பார்.

"ஒரு இன்ச்சா? சோபா மாதிரி இருக்க வேணாமா பாய்?" என்று நான்தான் கேட்டேன்.

"உன் இஷ்டம் பாப்பா" என்றார். அந்த இரண்டு வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பழுப்பு நிறத்தில் கறுப்புத் தையல் போட்டால் இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்கும் என்பது என் கட்சி. பழைய மெரூன்தான் வேண்டும் என்பது அப்பா கட்சி. மெரூன் ஜெயித்தது. மீட்டர் 350 ரூபாய், பத்து மீட்டர். ஃபோம் விஷயத்தில் நான் ஜெயித்தேன். மூன்று இன்ச்.

அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டுக் கொட்டகையில் கழிந்தன. பின் சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கி எடுத்ததும் கீழே பத்து பைசாக்கள், ஹேர்பின், வேர்க்கடலைத் தோல், மாமா கல்யாணப் பத்திரிகையில் எலி மிச்சம் வைத்த பாதி. அதற்குக் கீழே சணல் விரிப்பு, ஈரமாக. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது!

பெரியவர் சொன்னபடி அப்பா வெளியே ஹோஸ் பிடித்தார், நான் உள்ளே டார்ச்சோடு படுத்தேன். முன் கண்ணாடியின் இடது மூலை ரப்பர் வழியாகத் தண்ணீர் வந்தது. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகள் மண்ணும் சருகும் அடைத்துக் கிடந்தன. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, உள் அட்டையை உப்ப வைத்திருக்கிறது. ஒரு ஈர்க்குச்சியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. இத்தனை வருடம் நாங்கள் துருவுக்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ரப்பரை மாற்றி, தரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, இரண்டு நாள் காயவிட்டோம். ஓட்டை விழுந்த ஓரிடத்தில் வெல்டர் வந்து தகடு வைத்தார். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது, போட்டோவிலும் வராது. ஆனால் இதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு நல்ல ரெக்சின் போட்டாலும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

கதவு அட்டை அப்பாவின் ராஜ்ஜியம். ஊறிய அட்டையை புது ஹார்டுபோர்டின் மேல் வைத்து வரைந்து, வாளால் அல்ல, என் கிராஃப்ட் கத்தியால் பொறுமையாக வெட்டினார். ரெக்சினிலும் அட்டையிலும் பசையைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்ட முதல் கதவில் கொப்புளம் வந்தது. அதை ஓட்டுநர் பக்கம் மாட்டிக்கொண்டோம். கதவுக்கும் அட்டைக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினோம், மறுபடி ஈரம் ஏறாமல் இருக்க.

தையல் என் ராஜ்ஜியம், அதாவது என் தோல்வி. அம்மாவின் மெஷின் பிளவுஸுக்குப் பழகியது. இரண்டு மடிப்பு ரெக்சினும் நடுவில் பைப்பிங் கயிறும் வந்ததும் ஊசி முறிந்தது. தடிமனான ஊசி போட்டேன், அதுவும் முறிந்தது. நான்காவது ஊசிக்குப் பிறகு அம்மா மெஷினை மூடிப் பூட்டிவிட்டார். வெட்டி, எண் போட்டு வைத்த துண்டுகளை ஸ்கூல் பை தைக்கிற கடையில் கொடுத்தோம். கனமான மெஷினில் ஒரே நாளில் தைத்துவிட்டார். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு என் யோசனை: பிரிப்பது, வெட்டுவது, மாட்டுவது உங்கள் வேலையாக இருக்கட்டும், தையலை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள்.

கூரைத் துணியை நாங்கள் தொடவில்லை. குறுக்கே போகும் கம்பிகளில் இழுத்துக் கட்டியிருக்கும் துணி அது. ஒரு பக்கம் தளர்ந்தால் மொத்தமும் சுருங்கிப்போகும். பழசு வேறு, இழுத்தால் கிழியும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம். ஓட்டுநர் இடத்துக்கு மேல் மட்டும் தாத்தாவின் சுருட்டுப் புகை படிந்த மஞ்சள் வட்டம் இருந்தது. அப்பா அந்த இடத்துக்கு வந்ததும் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன்.

சீட்டை மாட்டினோம். மெரூன் ரெக்சின், மூன்று இன்ச் ஃபோம், ஒரு சுருக்கம் இல்லை. தெருவே வந்து பார்த்தது. பாட்டியை அழைத்து வந்து உட்கார வைத்தோம். ஏறும்போதே தலை கதவின் மேல் சட்டத்தில் லேசாக இடித்தது. உட்கார்ந்ததும் பார்த்தால், பாட்டியின் கால் தரையில் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அந்தரத்தில் தொங்கியது.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாருக்குடி" என்றார். இறங்க முயன்றபோது ஊன்ற இடமில்லாமல் தடுமாறி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் தூக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம்?

ஐந்து வாரம் போட்ட சீட்டை அன்று ராத்திரியே கழற்றினேன். சட்டத்தோடு கவரைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கும்போது விரலில் இரண்டு இடம் கிழிந்தது. மூன்று இன்ச் ஃபோமை எடுத்துவிட்டு, நல்லவேளையாகத் தூக்கி எறியாமல் வைத்திருந்த பழைய நார் மெத்தையை வெயிலில் காயவைத்துப் போட்டு, மேலே ஒரு இன்ச். தைத்த கவர் இப்போது லூஸ். உள்ளே ஓரங்களை மடித்து இழுத்துக் கட்டினேன். ஆனாலும் இடது மூலையில் ஒரு சுருக்கம் நிற்கிறது, போகாது.

போன வாரம் ஆஸ்பத்திரி நாள். பாட்டி முதலில் உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கதவை அவரே இழுத்துச் சாத்தினார், அந்தப் பழைய 'டொம்' சத்தத்தோடு. ஆஸ்பத்திரி வாசலில் நான் கை நீட்டுவதற்குள் இறங்கி நின்று, புடவையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது புழுக்கமாக இருந்தது. "கண்ணாடிய இறக்கிக்கிறேன்" என்று கைப்பிடியைச் சுற்றினார். அரைச் சுற்றிலேயே கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. பின் எங்கோ கதவுக்குள் விழுந்து உருண்டது கேட்டது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டா வாங்கியிருக்கலாம்ல?" என்றார் பாட்டி.