செவலையாப் பிறந்தா செவலைதானா?

காங்கேயம் மாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் கன்றைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். தாய் வெள்ளை மயிலை. காளைக்கோ தலை, கழுத்து, திமில் எல்லாம் கறுப்பு. பிறக்கிற கன்று மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும்!

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்தில் கிடேரி ஈன்றதும், கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் படம் போனது. உடனே போன் அடித்தான்.

"அப்புச்சி, நம்ம காளை கறுப்புதானுங்களே? இது செவலையா இருக்குதுங்க?"

"ஆறு மாசம் பொறு கண்ணு. தானா வெளுக்கும்."

பேரன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அவனுக்குக் கார்ன் ஸ்நேக் பைத்தியம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, விஷமில்லாத, ஆரஞ்சு நிறப் பாம்பு அது. (வீட்டில் வளர்க்க அம்மா விடவில்லை, படிப்பதோடு சரி.) அதில் நிறக் கணக்கு சுலபம். கறுப்பு நிறமியைத் தடுக்கும் மரபணு, தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் குட்டி அல்பினோ. ஒன்று மட்டும் வந்தால் வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும். அப்படி ஒளித்துவைத்திருக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால், ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு அல்பினோ. சாதாரண நிறத்தில் பிறக்கும் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு, அதே ரகசியத்தைச் சுமக்கும். அதற்காக 12 முட்டை இட்டால் கச்சிதமாக 3 அல்பினோ வரும் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குவது போலத்தான்.

ஆனால், முட்டையிலிருந்து வந்த அன்றே அல்பினோ எது என்று தெரிந்துவிடும். காங்கேயம் கன்றில் அது நடக்காது. செவலை மறைந்து சாம்பல் ஏற மாதங்கள் ஆகும். அதன்பிறகு பசு வெளுக்கும், காளை பருவத்துக்கு வரவரக் கறுக்கும். அதே காளைக்குக் காயடித்துவிட்டால் கறுப்பு இறங்கி வெளுத்துவிடும். மரபணு ஒன்றுதான், நிறத்தை மாற்றுவது ஆண்மைச் சுரப்பு. பேரனின் கட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

இந்தத் தோட்டத்துச் சிக்கலும் அங்கேதான். பிறந்தது காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர், சினைக்கு ஊசி என்று ஆனபிறகு காளைக்கன்றை யார் வைத்துக்கொள்கிறார்கள்? பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றவர்கள் பொறுக்கியெடுத்த காளைகளை வைத்துத்தான் இந்த இனத்தையே செழிக்க வைத்தார்கள். பூச்சிக்காளை இல்லாத ஊரில் இனம் எப்படி நிற்கும்?

பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஓட்டிப்போனார் அப்புச்சி. சுழி பார்த்தார்கள், திமில் பார்த்தார்கள். "வளந்தா நெறம் எப்படி நிக்குமுங்கோ?" என்று கேட்டார் ஒருவர். அப்புச்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "காளையா விட்டா கறுக்குமுங்க. காயடிச்சா வெளுத்துருமுங்க." கேட்டவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்.

கயிற்றைக் கொடுக்காமல் திரும்பிவிட்டார். கொறங்காட்டில் மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல் இருக்கும். இல்லாவிட்டால் தீவனம் காசுக்குத்தான். அதில் பாதியைப் பேரன் மாதாமாதம் ஜிபேயில் அனுப்புகிறான். காயடிக்கும் பேச்சை மட்டும் அப்புச்சி தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.