காளஹஸ்தியில் ஒரு மூங்கில் குச்சி

தோழி ஒருத்தி தீபாவளிக்குக் கலம்காரிப் புடவை எடுத்தாள். எழுநூறு ரூபாய். "கையால் வரைஞ்சதாம்" என்றாள். புடவை நெடுக அதே மயில், அதே சாய்வில், இம்மி பிசகாமல். கை அப்படி வரையாதே! அந்தச் சந்தேகம்தான், கையால் கலம்காரி வரையும் ஸ்ரீகாளஹஸ்திக்கு என்னைப் பஸ் ஏற்றியது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டு வாசலிலேயே எருமைப்பால் வாடை. கடுக்காய்ப் பொடியும் பாலும் கரைத்த நீரில் ஊறிய காடாத்துணி வெயிலில் காய்ந்தது. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாதாம். பிறகு படிகாரம், காய்ச்சல், அலசல் என்று மொத்தம் பதினேழு படிகள் என்றார்கள். ஆறாவதிலேயே எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. என் கண் அங்கே வரைந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரின் கையிலிருந்த குச்சியிலேயே இருந்தது.

அதுதான் கலம். பாரசீகத்தில் பேனா என்று பொருள். ஒரு சாண் மூங்கில், நுனி கூர். நுனிக்குச் சற்று மேலே கம்பளித் துணி சுற்றி நூலால் இறுக்கியிருக்கிறது. முக்கினால் துணி மையைக் குடித்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். மையும் வீட்டுச் சரக்குதான்: துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் பானைத் தண்ணீரில் மூன்று வாரம் புளித்தது. பானையில் பார்த்தால் ஆறிப்போன டீ. துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கிறது.

"புளியங்குச்சிக் கரின்னா தட்டிவிடலாம் சார். இதை அழிக்க முடியாது. கை நடுங்கினா அனுமாருக்கு ரெண்டு வாலு" என்றார், தெலுங்கு வாடையடிக்கும் தமிழில்.

அவர் வரைந்துகொண்டிருந்தது ராமாயணத் திரை. கட்டத்துக்குக் கட்டம் படத்தின் கீழே தெலுங்கில் வரிகள். அவற்றையும் அதே குச்சியால்தான் எழுதுகிறார், வாய்விட்டுப் பாடியபடி. பாடாவிட்டால் எழுத்து கோணிக்கொள்ளுமாம். எனக்கு நம்பிக்கையில்லை. பாட்டை நிறுத்தி ஒரு வரி எழுதிக் காட்டினார். கோணித்தான் இருந்தது.

அழியவிருந்த இந்தத் தொழிலுக்கு, கைவினைக் கலைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950களின் இறுதியில் இங்கே அரசுப் பயிற்சி மையம் வந்தது. அங்கே படித்தவரிடம் படித்தவர் இவர். மகன் திருப்பதியில் கார் ஓட்டுகிறான்.

ஏன் ஓட்டமாட்டான்? திரைக்கு மாதக்கணக்கில் குனிந்த முதுகுக்குக் கூலி. அதை வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு மாட்டுகிறவருக்கு லாபம். ஆந்திராவிலேயே பெடனாவில் மர அச்சு வைத்து அடிப்பதும் கலம்காரிதான், அது நேர்மையான வேலை. மில்லில் ஓட்டிவிட்டு 'கையால் வரைந்தது' என்று விற்பது திருட்டு. காளஹஸ்திக் கலம்காரிக்கு 2005இல் வந்த புவிசார் குறியீடு அந்தத் திருடனைத் தொட்டதாகத் தெரியவில்லை. பெயரைக் காப்பாற்றியிருக்கலாம், பெரியவரின் அடுப்பை அல்ல. போதாததற்கு, துணி அலச ஓடும் தண்ணீர் வேண்டும். ஸ்வர்ணமுகி ஆற்றில் நான் பார்த்தது மணல். போர் தண்ணீரைத் தொட்டியில் விட்டு அலசுகிறார்கள்.

ராகு-கேது பரிகாரத்துக்கு நம் ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாகக் காளஹஸ்திக்குப் போகிறார்கள். பூஜை முடிந்ததும் நேரே பஸ் ஏறாமல் அந்தச் சந்துகளுக்குள் ஒருமுறை நுழையுங்கள். வாங்குவதானால், வரைந்தவர் கையிலேயே காசைக் கொடுங்கள்.