மித்தி ஆற்றின் அக்கரையில் ஒரு பொங்கல்

குர்லாவில் குடியிருக்கும் தமிழன்பர்களுக்குத் தாராவி தொலைவான ஊர் அன்று. மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் சயான். அங்கிறங்கி மேற்கே நடந்தால் தாராவி. குர்லாவை ஒட்டி ஓடும் மித்தி ஆறுதான் தாராவியின் விளிம்பையும் தொட்டுச் சென்று மாகிம் கழியில் கலக்கிறது. 2005 ஜூலை 26-ஆம் நாள், சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்த ஆறு கரை கடந்து பெருகி ஏழைகளின் வீடுகளுக்குள் புகுந்ததை நம்மவருள் மறந்தவர் யார்? இருந்தும் என்ன! குர்லாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் தாராவியிற் காலடி வைக்காத குடும்பங்கள் நம்மிடையே உள.

தைத்திங்கள் முதல் நாளன்று, பள்ளிச் சிறுவர்க்கு நோட்டுப் புத்தகங்களும் முதியோர்க்குப் போர்வைகளும் சுமந்துகொண்டு, தொண்டர்களாகிய நாங்கள் சிலர் அங்குச் சென்றோம். விடியுமுன்னரே தொண்ணூறடிச் சாலையை அடைந்துவிட்டோம். அங்கே கண்ட காட்சியை என்னவென்று எழுதுவது! சாலையோரமாக நெடுக அடுப்புகள். மூன்று செங்கற்கள், அவற்றின்மேல் மஞ்சட்கொத்துக் கட்டிய பானை. அதனருகே இடித்துக்கொண்டு அடுத்த வீட்டாரின் பானை. வீட்டினுள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். ஆகவே ஊர் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. கோலமிடுவதற்கு முழம் இடமே கிடைத்த பெண்ணொருத்தி, அந்த ஒரு முழத்திலும் தாமரையொன்றை நிறைவாக வரைந்திருந்தாள். பானை பொங்கும்போதெல்லாம் எழுந்த குலவையொலி தெருவுக்குத் தெரு தாவிச் சென்றது.

இம்மக்களின் முன்னோர் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கே தோல் பதனிடும் தொழில் தொடங்கிய காலத்தில், சதுப்பு நிலத்தை மண்கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய தொழிலை ஏற்றவர்கள் அவர்களே. பதனிடும் கூடங்கள் பின்னாளில் நகருக்கு வெளியே போய்விட்டன. தோற்பைகளும் வார்களும் செய்யும் பட்டறைகள் இன்றும் உண்டு. நாம் காலையில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் வாங்கியுண்ணும் இட்டிலியும் பெரும்பாலும் தாராவித் தமிழ்ப் பெண்கள் முன்னிரவில் அரைத்து, பின்னிரவில் அவித்ததுதான்.

கையில் காசு சேருமுன்னரே கோயில் கட்டியவர்கள் இவர்கள். தாராவியின் பழைய இந்துக் கோயிலாகிய பிள்ளையார் கோயில் 1913-இல் எழுந்தது. அதற்கு முன்பே, 1887-இல், பெரிய பள்ளிவாசல் தோன்றிவிட்டது. அந்தோனியார் கோயிலுக்குச் செல்லும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் பலர். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரத் தீ மூண்ட இத்தெருக்களில், இன்று இஸ்லாமியச் சிறுவர்கள் பொங்கற் கரும்பைக் கடித்தபடி அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக் கொடுக்கின்றனர். ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் நாம் கேட்ட சொற்பொழிவுகளுக்கெல்லாம் இந்தச் சுள்ளியின் கனம் இராது.

முதியவள் ஒருத்தியின் வாசலில் போர்வையை நீட்டினோம். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு, “மொதல்ல உக்காந்து சாப்பிடுங்கய்யா, பொறவு மத்ததைப் பேசுவோம்” என்றாள். இலையில் விழுந்த சர்க்கரைப் பொங்கலில் முந்திரி இல்லை, நெய்யும் குறைவே. ஆயினும் நாங்கள் எழ முயன்றபோதெல்லாம் இன்னொரு கரண்டி விழுந்தது. அவளுடைய அறையின் ஒரு சுவர் முழுவதும் தெய்வப் படங்கள். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், குடும்பத்தாரோடு அம்பேத்கரும் மாலையணிந்து வீற்றிருந்தார். பாய் விரித்தால் கால் நீட்ட இடமில்லாத அறையில் இத்தனை பேருக்கும் எவ்வாறு இடம் கண்டாய் என்று வேடிக்கையாகக் கேட்டோம். “அவுங்க இருக்கப் போயித்தானே நாங்க இருக்கோம்” என்று சொல்லிவிட்டு, அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

உண்டு முடித்த பின்னரே கவலை வெளிவந்தது. தாராவியை இடித்து அடுக்குமாடிகளாக எழுப்பும் திட்டத்தை அன்பர்கள் அறிவீர்கள். திட்ட விதிகளின்படி 2000 ஜனவரி 1-க்கு முன்னர் தரைத்தளத்தில் குடியேறியோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தோர்க்கும் மேல்தளங்களில் வாழ்வோர்க்கும் தாராவிக்கு வெளியே வேறிடம். முதியவள் வாழ்வது கீழ் அறையில். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இரும்பு ஏணி ஏறிச் செல்லும் மேல் அறையில். ஓர் அடுப்பில் உண்ணும் குடும்பத்தை அந்த ஏணியே இரண்டாகப் பிரித்துவிடுமோ என்பது அவள் அச்சம்.

இதில் நமக்குமொரு பங்குண்டு. திட்டத்திற்கென மகாராஷ்டிர அரசு 2024-இல் ஒதுக்கிய நிலங்களுள் ஒன்று நம் குர்லாவின் நேரு நகரை அடுத்த மதர் டெய்ரி நிலம், ஏறத்தாழ 21 ஏக்கர். அங்கே மரங்கள் நிற்கின்றன. அதைப் பூங்காவாக்க வேண்டுமென்று குர்லாவாசிகள் பலர் போராடியதும் உண்மை. மரங்களின்மேல் அவர்கள் கொண்ட அன்பை நாங்கள் குறைகூறவில்லை. குர்லாவில் மூச்சுவிட இடமேது? ஆனால் அந்தப் பேச்சினூடே, ‘சேரிக்காரர்கள் நம் பக்கம் வருவதா’ என்ற முணுமுணுப்பையும் நம் வீட்டுத் திண்ணைகளிலேயே நாங்கள் கேட்டிருக்கிறோம். அந்த முணுமுணுப்பு எங்களுக்கு உவப்பாயில்லை. அப்படிச் சொன்னவர்கள் ஒருமுறை தைத்திருநாளன்று தொண்ணூறடிச் சாலைக்கு வந்து பார்க்கட்டும்.

புறப்படும்போது முதியவள் தூக்குப் பாத்திரம் நிறையப் பொங்கலை எங்கள் கையில் திணித்தாள், குர்லாவிலுள்ள பிள்ளைகளுக்கென்று. நோட்டுப் புத்தகக் கட்டைவிட அது கனத்தது. பின்பு, கட்டடங்களைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டதை நினைவுகூர்ந்தவளாய், “ஏன்யா, அவ்வளவு ஒசரத்துல வீடு குடுத்தா, வாசல்ல அடுப்பு வைக்க விடுவாங்களா?” என்று கேட்டாள். எங்களுள் பொறியாளர் ஒருவர் இருந்தார். அவரும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்.