இரண்டு நாளின் விலை

மரபு, மரபு என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்மரபைக் கையில் ஏந்தி நிற்போருக்கு உரிய விலையை நாம் கொடுத்ததுண்டா? மன்னார்த் தீவின் பேசாலைக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது இவ்வினாவை நம்முன் நிறுத்திற்று.

குடிசைத் திண்ணையில் ஒரு மூதாட்டி பனையோலையில் கடகம் இழைத்துக்கொண்டிருந்தார். விரியாத குருத்தை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்தெடுத்த பின்னரே இழைப்புத் தொடங்கும். விளிம்பு சிதையாதிருக்கப் பனைநார் வைத்துக் கட்ட வேண்டும். பன்னவேலை என மக்கள் வழங்கும் இத்தொழிலே பிட்டவிக்கும் நீற்றுப்பெட்டியையும், அரிசி புடைக்கும் சுளகையும், மீனவரின் பறியையும், நாம் படுத்துறங்கிய பாயையும் தந்தது.

விலை கேட்டோம், சொன்னார். பழக்கத்தால் பேரம் பேசினோம்.

“தம்பி, நான் ஓலைக்குத்தானே விலை சொன்னனான்? என்ர ரெண்டு நாளுக்கு இன்னும் விலை சொல்லேல்லையே!” என்றார் ஆச்சி.

உழைப்பாளர் உரிமையை வகுப்பறையில் ஓயாது பேசும் நாம் தலைகுனிந்தோம்.

போர்க்காலத்தில் வடபுலத்துப் பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. 1990 ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். தமிழர் பலர் கடல் கடந்து தமிழகம் சேர்ந்தனர். 2009இல் போர் ஓய்ந்தது. மரமும் மனிதரும் சிதறிய மண்ணில் இத்தொழில் பிழைத்திருப்பது அருஞ்செயலே. பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே நிறுவப்பட்டதுதான். ஆனால் அந்தத் திண்ணையில் விலையைத் தீர்மானிக்க முனைந்தது நமது பேரமே.

இது மன்னாரின் வினா மட்டுமன்று. அயர்லாந்து மக்கள் பெப்ரவரி முதல் நாளில் வரும் பிரிஜித் திருநாளுக்குக் கோரையால் சிலுவை முடைவர். 2023 முதல் அத்திருநாளையொட்டிப் பொது விடுமுறையும் உண்டு. நம்மவரும் குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்துகின்றனர். விழாவும் விடுமுறையும் நன்றே. ஆயினும் கைத்தொழிலை வாழ்விப்பது கூலியன்றோ? தாயின் வயிற்றை நிரப்பாத தொழிலை மகள் ஏன் பயில வேண்டும்?

ஆச்சி சொன்ன விலையைக் கொடுத்துக் கடகத்தை வாங்கிவந்தோம். இரண்டு நாளின் கூலி அதில் இல்லை என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். அக்கடகம் இன்று நம் வகுப்பறையில் இருக்கின்றது. மாணவர் அதன் அழகை வியக்கும்போதெல்லாம், நாம் இன்னும் தீர்க்காத அந்தக் கடனையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கின்றோம்.