மண்பானை நீரும் பனிக்கட்டித் தொட்டியும்

சானா அறையும் பனிக்கட்டி நீர்த் தொட்டியும் இன்று புணே போன்ற பெருநகரங்களில் இணைத்தே விற்கப்படுகின்றன. வெப்ப அறையில் வியர்க்க அமர்ந்துவிட்டு, உடனே குளிர்நீரில் கழுத்தளவு அமிழ்வது முறை. இது நம் முன்னோர் அறிந்ததே என்று பெருமிதம் கொள்வோரும் உண்டு. அக்கூற்று பாதியளவே உண்மை.

வியர்ப்பிக்கும் சிகிச்சையில் 13 வகைகளைச் சரக சம்ஹிதை கூறுகிறது. அவற்றுள் ஜேந்தாகம் என்பது சானாவுக்கு மிக நெருக்கமானது: நீர்நிலையின் கரையில் வட்ட அறை, சுவரையொட்டித் திண்ணை, நடுவே அடுப்பு. ஆனால் வெளியே வந்தவர் உடனே குளிர்நீரைத் தொடலாகாது. கண்களைக் காக்கவே இத்தடை. வெப்பமும் களைப்பும் தணிந்தபின் வெதுவெதுப்பான நீரில் குளிக்க வேண்டும். அருகிலேயே நீர்நிலை இருந்தும் அதில் குதிக்கச் சொல்லவில்லை அந்நூல். வேது பிடித்தவரைக் காற்றுப்படாமல் போர்த்திப் படுக்கவைக்கும் தமிழ் வீடுகளின் வழக்கமும் இதை ஒட்டியதே.

குளிர்நீரையே மருந்தாக்கிய முறை இந்தியாவில் பரவியதற்கு, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் நீர் மருத்துவர்கள் பெரிதும் காரணம். லைப்சிக் நகரின் லூயி கூனே வகுத்த இடுப்புக் குளியலைக் காந்தி தம்மீதும் பிறர்மீதும் பல்லாண்டுகள் சோதித்தார். 1942இல் புணேயின் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது ஆரோக்கியம் குறித்து எழுதிய சிறுநூலில் அதை விளக்கினார். தொட்டி நீர் குளிர்ந்திருக்க வேண்டும். பனிக்கட்டி கிடைக்காவிடில் மண்பானையில் குளிரவைத்த நீர் போதும். தொட்டியின்மேல் துணியை விரித்து விசிறியும் குளிர்விக்கலாம் என்கிறார். பானையும் துணியும் விசிறியும் எந்தக் குடிசையிலும் இருந்தவை.

விடுதலைக்குப்பின், அதே நகரில் தின்ஷா மேத்தா நடத்திய இயற்கை மருத்துவ நிலையத்தில் காந்தி பலமுறை தங்கினார். 1986 முதல் அங்குத் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அந்நிலையத்தை ஏழைகளுக்கு உரியதாக மாற்றும் திட்டமும் இருந்தது. ஆனால் ஏழைகளுக்கான பணியை நகரத்தில் நடத்த எண்ணியது தம் பேதைமை என்று காந்தி விரைவிலேயே உணர்ந்தார். 1946 மார்ச்சில் புணேக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உருளி காஞ்சன் கிராமத்துக்குச் சென்று சிகிச்சையைத் தொடங்கினார். சில நாள்களில் அவர் கிளம்பினாலும், பொறுப்பேற்ற மணிபாய் தேசாய் தம் வாழ்நாளை அங்கேயே செலவிட்டார். அந்த ஆசிரமம் இன்றும் இயங்குகிறது.

அந்த இடமாற்றத்தில் ஓர் அளவுகோல் உண்டு: மிக வறியவரால் தம் வீட்டில் செய்துகொள்ள இயலாத சிகிச்சை முழுமையானதன்று. பின்லாந்தும் இந்த அளவுகோலில் தேறும். அங்கு ஏறத்தாழ 55 லட்சம் மக்களுக்குச் சுமார் 30 லட்சம் சானாக்கள் உள்ளன. கிழக்குப் பின்லாந்தின் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. வாரம் 4 முதல் 7 முறை சானாவில் அமர்ந்தோரிடையே திடீர் இதய மரணங்கள் குறைந்திருந்தன என்கிறது அது. சானாவே அதற்குக் காரணம் என்று அவ்வகை ஆய்வு நிறுவிவிடாது. அதை அன்றாடப் பழக்கமாகக் கொண்ட சமூகத்தின் தரவை, மாதச் சந்தா கட்டும் சிலரின் அனுபவத்துக்குச் சான்றாக்குவதும் பொருந்தாது.

உறைகுளிர் நீரில் திடீரென இறங்கினால் மூச்சு தன்னையறியாமல் இழுக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். இதயக் கோளாறு உள்ளோர்க்கு இது ஆபத்தானது. மற்றவர்க்கு அது இன்பமாகவும் இருக்கலாம். அந்த இன்பத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதை மரபு என்று விற்போர், ஜேந்தாகத்தின் தடையையும் உருளி காஞ்சனின் மண்பானையையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.