தேனியை விரல் எப்படிப் படிக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் முகூர்த்த நாள்கள் தொடங்கிவிட்டால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் கல்யாணப் பத்திரிகைகள் வரிசைகட்டும். சின்னமனூரில் மண்டபம், உத்தமபாளையத்தில் வரவேற்பு, போடியில் மறுவீடு... எல்லாமே அழகழகான படங்கள். அந்த குரூப்பில் பார்வையற்ற சித்தப்பா ஒருவர் இருந்தால்? அவருடைய போன் 'போட்டோ' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். யாருக்குக் கல்யாணம், என்றைக்கு, எங்கே என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

'பிரெய்லியில் அனுப்பிவிடலாமே' என்று சிலருக்குத் தோன்றும். பிரெய்லி வடிவங்கள் போனிலேயே இருக்கின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோடு, 1999-ல் வந்த 3.0 பதிப்பில் பிரெய்லிக்கும் 256 இடங்களை ஒதுக்கியது. வழக்கமான பிரெய்லியில் ஆறு புள்ளிகள். வெற்றிடத்தையும் சேர்த்து 64 வடிவங்கள்தான் கிடைக்கும். கணினிக்காக இன்னும் இரண்டு புள்ளிகள் சேர்ந்ததால் 256.

எண் கொடுத்த விதம் எளிமையானது. எட்டுப் புள்ளிகளுக்கும் வரிசையாக 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று மதிப்பு. எந்தப் புள்ளிகள் மேடாக இருக்கின்றனவோ, அவற்றின் மதிப்பைக் கூட்டி 10,240-உடன் சேர்க்க வேண்டும். தமிழ் பிரெய்லியில் 'த' என்பது 2, 3, 4, 5-ம் புள்ளிகள். கூட்டினால் 30. ஆக, அதன் எண் 10,270.

ஆனால், யூனிகோடு அதற்கு வைத்த பெயர் 'த' இல்லை. 'புள்ளிகள் 2345' என்பதுதான். காரணம், அதே வடிவம் ஆங்கிலத்தில் 'டி' எழுத்து. யூனிகோடு வடிவத்தை மட்டும் பதிவு செய்கிறது, மொழியை அல்ல. அதனால் அதைத் தமிழாக வாசிக்கப் போனுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தாலும் வழவழப்பான கண்ணாடிதான் தட்டுப்படும்.

சித்தப்பாவுக்குத் தேவை, நாம் தினமும் டைப் செய்யும் சாதாரணத் தமிழ்தான். 'தேனி' என்று காகிதத்தில் எழுதும்போது இரட்டைக் கொம்பை முதலில் போடுகிறோம். போனோ 'த'வை முதலில் வைத்து, அடுத்து ஏகாரக் குறி, பிறகு 'ன', கடைசியில் இகரக் குறி என்று சேமிக்கிறது: 2980, 3015, 2985, 3007. பிரெய்லியிலும் இதே வரிசைதான்: த, ஏ, ன, இ. கண் கொம்பிலிருந்து தொடங்குகிறது. விரலும் போனும் ஒலியின் வரிசையில் போகின்றன.

இப்படிச் சேமித்த எழுத்தை என்விடிஏ போன்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் படித்துக் காட்டும். பிரெய்லி டிஸ்ப்ளே கருவி இருந்தால், சிறு ஊசிமுனைகள் எழும்பி அதே வரியை விரலுக்குக் கொடுக்கும். ஒரே மெசேஜை ஒருவர் பார்க்கலாம், ஒருவர் கேட்கலாம், ஒருவர் தொட்டுப் படிக்கலாம்.

படத்தில் உள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஆப்களும் வந்துவிட்டன. பத்திரிகையின் வளைந்து நெளிந்த அலங்கார எழுத்தில் அவை தடுமாறுவது உண்டு. டிடிபி சென்டரில் பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைலை அனுப்பினாலும் பயனில்லை. திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருக்கும்.

பத்திரிகைப் படத்தை அனுப்ப வேண்டாம் என்றில்லை. அதற்குக் கீழேயே மணமக்கள் பெயர், தேதி, நேரம், மண்டபம், ஊர் என நான்கு வரி டைப் செய்துவிட்டால் போதும். சித்தப்பாவும் யாரையும் கேட்காமல் படித்துவிட்டு, 'வந்துடறேன்ப்பா' என்று பதில் போடுவார்.